கொக்கிக்குக் கீழே ஓர் எடை மெஷின்

"பெரிசையே எடுத்துடுங்க மாமா. நாலு சக்கரம். யானையையே ஏத்திட்டுப் போலாம்!"

மச்சினன் சொல்லிவிட்டு, பட்டறையில் நின்ற அந்த நான்கு சக்கர ட்ரெய்லரின் டயரை ஓர் உதை உதைத்தான். டயரை உதைத்துப் பார்ப்பதோடு அவனுடைய வாகன ஞானம் தீர்ந்துவிடும். பேச்சு மட்டும் தீராது.

அவனுடைய மாமாவான மெக்கானிக் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைகள் இரண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன. ஏழு வாரமாக அவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

பழைய வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் வாங்கிப் பழுது பார்த்து, வீடு தேடிக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். கடையில் அவரும் மனைவியும்தான். ஏழு வாரத்துக்கு முன்னால், வாடகைக்கு எடுத்த சின்ன ட்ரெய்லரைக் காரில் பூட்டிக்கொண்டு இருவரும் ஓர் இறக்கத்தில் போனபோதுதான் அது நடந்தது. ட்ரெய்லர் வாலை ஆட்டியது. இடம், வலம், மறுபடி இடம். ஸ்டியரிங் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. சாலையோரக் கம்பித் தடுப்பில் ஒரு பக்கம் முழுக்க உரசிக்கொண்டு கார் நின்றபோது, பக்கத்தில் மனைவியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

ஒரு கீறல்கூட இல்லாமல் இருவரும் தப்பினார்கள். ஆனால் அவருக்கு ஒன்று புரிந்துபோனது. அதாவது, புரிந்துபோனதாக நினைத்தார்.

கை போய்விட்டது.

அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்தைந்தில் கை நடுங்க ஆரம்பித்தது. இவருக்கு ஐம்பத்து மூன்று. மறுநாளே ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் நடுங்கியது. தினமும் பார்த்தார். தினமும் நடுங்கியது. டாக்டரிடம் போகப் பயம். மனைவியிடம் சொல்ல அதைவிடப் பயம். "தோள்பட்டை வலி" என்று ஒரு பொய்யைச் சொல்லி, ஸ்டியரிங்கை மச்சினன் கையில் கொடுத்துவிட்டார். இன்று சொந்தமாக ஒரு ட்ரெய்லர் வாங்கிவிட்டு, இனி வண்டி ஓட்டப்போவதே இல்லை என்று மனைவியிடம் சொல்லிவிடுவதாக முடிவு. அதனால்தான் அவருக்கும் பெரிசு வேண்டும். யார் ஓட்டினாலும் அவள் பத்திரமாக இருக்க வேண்டும்.

"கார் அதுதானே?" என்றாள் ட்ரெய்லர் பட்டறைக்காரி. நெற்றியில் வெல்டிங் கண்ணாடி, கையில் கிரீஸ். வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள். "எழுநூத்தம்பது கிலோ இழுக்கும். அந்தப் பெரிசு சும்மா நிக்கும்போதே நானூத்தம்பது. மிச்சத்துல யானைக்கு எங்க தம்பி இடம்? தும்பிக்கையை மட்டும் ஏத்திக்கங்க."

மச்சினன் திடீரென்று பக்கத்திலிருந்த டயர் அடுக்கில் ஆழ்ந்த அக்கறை காட்டத் தொடங்கினான்.

"சின்னது நூத்தறுபதுதான். உங்க சரக்குக்கு இது தாராளம்" என்று இரண்டு சக்கர ட்ரெய்லரின் விளிம்பில் தட்டினாள்.

"சின்னது வேணாம்" என்றார் மெக்கானிக். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"போன தடவை சின்னதுதான் எடுத்தோம்க்கா. ஆடி எங்களைக் கொல்லப் பார்த்துச்சு" என்று பக்கத்தில் நின்ற மனைவி விளக்கினாள்.

"ஆடுச்சா?" பட்டறைக்காரி புருவத்தைச் சுருக்கினாள். "எப்படி ஏத்தியிருந்தீங்க?"

"எப்பவும் ஒண்ணுதான், அன்னைக்கு மூணு வீட்டு மெஷின். ஏத்தினது எப்பவும் போலத்தான்" என்றார் மெக்கானிக்.

"அந்த எப்பவும் போலயைத்தான் நான் பார்க்கணும்."

பட்டறை மூலையில் மணல் மூட்டைகள் இருந்தன. ஒரு மூட்டை இருபத்தைந்து கிலோ. மூன்று மூட்டையை ஒரு வாஷிங் மெஷின் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். அப்புறம் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தாள். குளியலறையில் வைத்து ஏறி நின்று பார்க்கிற, முள் வைத்த எடை மெஷின்.

"என்னங்க இது, என்னை நிறுக்கப் போறாங்களா?" என்றாள் மனைவி, இரண்டடி பின்வாங்கி.

"பயப்படாதீங்க, உங்களை இல்ல. இதை." ட்ரெய்லரின் முன்கம்பியை, காரில் பூட்டுகிற கொக்கி முனையை, ஒரு மரக்கட்டை வைத்து எடை மெஷின்மேல் உட்கார வைத்தாள். "இப்ப ஏத்துங்க அண்ணே."

ஏற்றும் விஷயத்தில் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும் என்பது அவர் சட்டம். அந்த மூன்று வீடுகளிலும் முதலில் இறங்குவது மெஷின்தான். ஆகவே முன்னால் காலி அட்டைப்பெட்டி, குழாய், கருவிப்பெட்டி. மெஷின் மூன்றும் பின்கதவை ஒட்டி வரிசையாக. அதன்படியே மூட்டைகளை அடுக்கினார்கள்.

ஏழாவது மூட்டை ஏறியது. முள் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது.

எட்டாவது ஏறியது. கொக்கி எடை மெஷினைவிட்டு மெல்ல எழும்பியது.

மச்சினன் ஒன்பதாவதைப் போட்டான். முன்கம்பி விருட்டென்று மேலே போய், பின்கதவு தரையில் 'டங்' என்று மோதியது. அவன் துள்ளி விலகினான்.

"இதுதான்" என்றாள் பட்டறைக்காரி. "கார்ல பூட்டிட்டா இது வெளிய தெரியாது. ஆனா உள்ளுக்குள்ள காரோட பின்பக்கத்தைத் தூக்கிட்டே வரும். பின் டயர் ரோட்டைப் பிடிக்காது. இறக்கத்துல வேகம் எடுத்தா வாலாட்ட ஆரம்பிச்சிடும். அப்புறம் எவன் ஓட்டினாலும் நிக்காது."

மெக்கானிக் ஓர் அடி முன்னால் வந்தார். "எவன் ஓட்டினாலுமா?"

"எவன் ஓட்டினாலும்."

"கை... கை சரியில்லாதவன்னு இல்லாம?"

"அண்ணே, இரும்புக் கை வெச்சவன் ஓட்டினாலும் அதே கதைதான். பாரம் எல்லாம் வால்ல இருக்கே!"

மூட்டைகளை நகர்த்தினார்கள். சக்கரத்துக்கு நேர்மேலே கொஞ்சம், அதற்கு முன்னால் கொஞ்சம் அதிகம். முள் ஏறி முப்பத்தெட்டில் நின்றது.

"வண்டியும் மூட்டையும் சேர்த்து முந்நூத்தெண்பத்தஞ்சு கிலோ. அதுல பத்துல ஒரு பங்கு மூக்குல, இந்தக் கொக்கியில நிக்கணும். இப்ப நிக்குது."

"அப்ப தப்பு என்னோடதுதான்!" என்று மெக்கானிக் கத்தினார். பரிசு விழுந்தவர் போலக் கத்தினார். "நான்தான் தப்பா ஏத்தியிருக்கேன்! என் தப்புதான்!"

மனைவி அவரையே பார்த்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை. அதையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு!

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவளை டயர் அடுக்குக்குப் பின்னால் அழைத்துப் போனார். தோள்பட்டை, டம்ளர் தண்ணீர், அப்பாவின் கை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏழு வாரம்! ஏழு வாரமா மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கியிருக்கீங்க! டம்ளர் நிறையத் தண்ணியோட கையை நீட்டினா யாருக்குத்தாங்க ஆடாது? எனக்கும்தான் ஆடும். அந்தத் தோள்பட்டைக்குத் தைலம் தேய்ச்சே என் விரல் தேஞ்சு போச்சு!"

"டாக்டர்கிட்ட வேணா ஒருவாட்டி..."

"வேணாவா? வியாழக்கிழமை போறோம். நான் கூட வர்றேன். இப்ப வண்டியை எடுங்க."

"இப்பவா?"

"மூட்டையோட ஓட்டிப் பார்க்காம வாங்குவாங்களா?"

பட்டறையைத் தாண்டியதும் சாலை நீளமாகச் சரிந்தது. மெக்கானிக் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேக முள் நாற்பதைத் தொட்டது. ஐம்பது. அறுபது. கண்ணாடியில் பார்த்தார். சின்ன ட்ரெய்லர், கோடு போட்ட மாதிரி நேராகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

இறக்கம் முடிகிற வரை பக்கத்து சீட்டில் மனைவி பக்கக் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் மனைவி மூச்சை விட்டாள். "நாலாவது மாடி வீட்டம்மா காலையிலயே ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. மெஷின் எப்ப வரும்னு கேட்டாங்க. என்ன சொல்லட்டும்?"

"சாயந்திரமே கொண்டு வர்றோம்னு சொல்லு."

"தம்பிக்கு சாயந்திரம் வேலை இருக்காம்."

"அவன் எதுக்கு?" என்றார் மெக்கானிக்.