மேலே ஒன்று எரியும்போது

நெட்டையனின் காலுக்கு ஐஸ் பெட்டி போதவில்லை என்று கீழே பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மாடியறையில் அந்தச் சனியன் பிடித்த ரேடியோ மறுபடி விசிலடித்தது. அக்கா நாற்காலியைப் போட்டுவிட்டுப் படியேறினாள்.

நெட்டையன் அவள் தம்பி. பல்கலைக்கழகத்தில் வானியல் படித்தான். ஏதாவது ஓர் ஆராய்ச்சியைச் சொந்தமாகச் செய்து காட்ட வேண்டுமாம். இவன் மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு, ரேடியோவில் தூர தேசத்து ஸ்டேஷன் ஒன்றை வைத்தான். சாதாரணமாக அது இங்கே எட்டாது. வானத்திலிருந்து ஒரு தூசி விழுந்து எரிந்தால், அந்த ஸ்டேஷன் அதன் தடத்தில் பட்டு ஒரு நொடி விசிலாக எட்டிப்பார்க்கும். பகலிலும் கேட்கும், மழையிலும் கேட்கும். "ஒவ்வொரு விசிலும் மேல ஒண்ணு எரிஞ்சு போச்சுன்னு அர்த்தம்மா" என்று வீட்டையே படுத்தி எடுத்தான். நேற்று ஆன்டெனாவைத் திருப்பப் போய்த்தான் கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்தான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது!

ரேடியோவுக்கு எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு விசிலுக்கும் "ம்" கொட்டினாள், பிள்ளை கதை சொல்லக் கேட்பதுபோல.

"வண்டி வந்திடும். ஒரு தடவை வந்து முகத்தைப் பாரும்மா."

"அவன் இங்க பேசிட்டிருக்கான். நீ போ."

"இதை உடைச்சுப் போட்டுடுவேங்கிறாரு அப்பா."

"முதல்ல என்னை உடைக்கச் சொல்லு."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டுவிட்டு, பிறகு காலமெல்லாம் இவளை யார் தேற்றுவது? வேலை வேலையென்று அக்காவே இன்னும் தம்பியைச் சரியாகப் பார்க்கவில்லை. ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் வாங்க."

அறை வாசலில் அவனோடு படித்த பெண். இருவரும் சேர்ந்துதான் அந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது. அக்காவைப் படிப்பக்கம் இழுத்துப் போனாள்.

"அது எப்பலேருந்துக்கா கத்துது?"

"நேத்து அவன் போனதிலேருந்து. ஏன்?"

"அந்த ஸ்டேஷனைப் போன வாரமே மூடிட்டாங்கக்கா. எங்க ரெண்டு பேர் ரேடியோவும் ஊமையாயிடுச்சு. ஆன்டெனாவை வேற ஸ்டேஷன் பக்கம் திருப்புடான்னு நான்தான்..."

"அப்ப அந்த வேற ஸ்டேஷனா இருக்கும்."

"இல்லக்கா. மாடியில போய்ப் பாத்துட்டேன். அவன் திருப்பவே இல்ல. ரேடியோவும் பழைய எண்ணுலதான் இருக்கு."

உள்ளே விசில் கேட்டது. "ம்" என்றாள் அம்மா.

அக்காவுக்கு வந்தது பயமா, ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பிப் போனவள் ஸ்விட்சைத் தொடவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. நான் கேட்டுட்டிருக்கேன்."

அம்மா அவளையே பார்த்தாள். "நடுவுல எந்திரிச்சு வந்துட மாட்டியே? அவனுக்குக் கோவம் வரும்."

"வரமாட்டேன்."

அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கீழே அவள் அலறல் எழுந்தது. அப்பா யாரையோ "பாத்து, பாத்து தூக்குங்க" என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. வண்டியின் கதவு சாத்திக்கொண்டது. தெரு முனையில் அது திரும்பும் சத்தமும் ஓய்ந்தது.

ரேடியோ விசிலடித்தது, இந்த முறை நீளமாக.

"ம்" என்றாள் அக்கா. "சொல்லுடா."