துண்டுக்கடியில் ஓர் உருவப்படம்

எங்கள் புளிமண்டியில் ஒருவர் சரக்கைப் பார்த்து "நல்லாருக்குதுங்க" என்று சொன்னால் அவருக்கு டீ சொல்ல வேண்டியதில்லை. அவர் வாங்கப் போவதில்லை. வாங்குகிறவர் முகத்தைச் சுளிப்பார். புளியை மூக்கருகே கொண்டுபோய், செத்த எலியை மோந்தவர்போல விலக்குவார். கொட்டை அதிகம் என்பார், ஈரம் என்பார், போன வருஷத்துச் சரக்கா என்பார். அப்படி ஒருவர் கால் மணி நேரம் குறை சொன்னால் எங்கள் நூர் பாஷா மாமு எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் போய் டீ சொல்லிவிட்டு வருவேன். பாப்பிரெட்டிப்பட்டியில் பிறந்து வளர்ந்த நான் உலகத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட முதல் விஷயம் இது.

இரண்டாவது விஷயம் துண்டு. விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போய்ச் சேரும். பிடித்த விரல்தான் விலை. கையை மூடிக்கொண்டால் சரக்கு விற்பனைக்கில்லை என்று அர்த்தம். மேலே இரண்டு முகங்கள் மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். கீழே விரல்கள் உண்மையைப் பேசும்.

அதில் எனக்கு ஒரு விசேஷம் உண்டு. பத்து வயதில் எடைக்கல் விழுந்து என் வலது சுண்டுவிரல் வளைந்துவிட்டது. துண்டுக்கடியில் அந்த விரல் இருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று புதியவர்கள் குழம்பிப் போவார்கள். "எம் மருமவன் கை, யாவாரத்துக்குன்னே அல்லா வளைச்ச கை" என்று மாமு சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட கையை நான் மண்டியின் மாடிக்குக் கொண்டுபோய் கேமராவில் வைத்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

மாடியில் என் ஸ்டூடியோ. சந்தை நாளில் மட்டும் கீழே இறங்கித் துண்டுக்குள் கை கொடுப்பேன். பாங்கு லோனுக்குப் படம், பரீட்சைக்குப் படம், பெண் பார்க்க அனுப்பும் படம். மாநிறத்தைச் சிவப்பாக்குவதும் சிவப்பை இன்னும் சிவப்பாக்குவதும்தான் தொழில். ஆனால் எழுபத்தொன்றாம் வருஷம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர் கிருஷ்ணப்பன், என் வயதுக்காரன், எங்கிருந்தோ பழைய போட்டோ பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். பாதி இருட்டில் முகங்கள், ஒன்றின் மேல் ஒன்றாய்ப் படிந்த உருவங்கள். பெங்களூரில் ஒரு போட்டோ சங்கம் கண்காட்சி வைக்கிறது, மாதக் கடைசிக்குள் படம் போய்ச் சேர வேண்டும் என்றும் அவன்தான் சொன்னான். ஒருவருக்கு ஒரு படம்தான். நான் அனுப்புவதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நான் செய்வது படமா, இல்லை, வெறும் கண்கட்டு வேலையா?

படம் இதுதான். சித்தேரி மலையிலிருந்து சந்தைக்குச் சந்தை எங்களுக்குப் புளி கொண்டுவரும் மல்லையன். வயது ஐம்பது இருக்கும். அவர் முகத்தை ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் கறுப்புத் துணி கட்டி எடுத்தேன்.

"பாதி மூஞ்சிதான் வெளிச்சத்துல இருக்குதுங்க பாய். மீதி?"

"மீதி இருட்டுல இருக்கும்."

"இருக்கட்டுங்க. எங்க ஊர்ல முழுசும் இருட்டுதானுங்க."

இருட்டாய் விழுந்த பாதியில் அவர் கையைக் கொண்டுவர வேண்டும் என்பது என் திட்டம். கையைத் தனியாக எடுத்து, இரண்டு நெகட்டிவையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பிரிண்ட் போட்டால், முகத்தின் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை பூத்து வரும். எடுத்தேன். மல்லையன் மலையேறிப் போன பிறகு நெகட்டிவைக் கழுவிப் பார்த்தால், முகம் பிரமாதம், கை கலங்கியிருந்தது. விடிந்ததிலிருந்து புளி மூட்டை சுமந்து இறங்கிய கை இரண்டு விநாடி ஆடாமல் நிற்குமா?

அடுத்த சந்தை வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. என் கையில் புளியும் சாம்பலும் பூசிக்கொண்டு கேமரா முன்னால் நீட்டினேன். என் மனைவி பரிதா கேமராவைத் திறந்து மூடும் ரப்பர் பல்பை அழுத்தினாள்.

"ஏங்க, அந்தாளு கைய அடுத்த வாரமே எடுத்துக்கக் கூடாதா?"

"கைன்னா கைதான். யாரு கண்டா?"

"கேக்காம சொல்றது எனக்குப் பழக்கமில்ல. இன்னைக்கு என்னமோ சொல்லிட்டேன்" என்று அவள் துணியை மடிக்கப் போய்விட்டாள்.

பிரிண்ட் மருந்துத் தண்ணீரில் எழும்பி வந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வளைந்த சுண்டுவிரல்கூட உழைத்து வளைந்ததுபோலத் தெரிந்தது. அந்த அழகில் நான் மயங்கிக் கிடந்தேன்.

இனி அபிப்பிராயம் கேட்க வேண்டும். பார்த்தவர்கள் எல்லோரும் "நல்லாருக்குது" என்றார்கள். மண்டியில் வளர்ந்தவனுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் வாங்காமல் எழுந்து போவதுபோலவே இருந்தது. கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. படத்தை ஸ்டூலில் சாய்த்து வைத்தேன். தோள் துண்டை எடுத்துக் கிருஷ்ணப்பன் கையையும் என் கையையும் மூடினேன்.

"அஞ்சுக்கு எத்தினி? வாயத் தொறக்காத. விரலப் புடி."

அவன் சிரித்தான். "அன்வரு, இதெல்லாம் பெங்களூர்க்காரனே பாத்திருக்க மாட்டான்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, துண்டுக்குள் அவன் கை என் இரண்டு விரலைப் பிடித்தது.

நூர் பாஷா மாமு படத்தைப் பார்த்து "மாஷா அல்லா, உசுரு இருக்குதுடா" என்றார். பிடித்தது ஒரு விரல். அதையும் பாதியில் விட்டுவிட்டார்.

"ஏன் மாமு?"

"துண்டுக்கடியில கேட்டா துண்டுக்கடியிலதான் பதிலு. மேல வந்து காரணம் கேக்கறவன் யாவாரி இல்ல."

கிருஷ்ணப்பனைத் திரும்பப் பிடித்தேன். "என்னமோ உறுத்துதுடா. என்னான்னு தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டவன், சொன்னவர்கள்மேல் கோபப்பட்டேன். புளி எடை போடுகிறவருக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? பறங்கிக்காய்க்கு நிழல் போடச் சொல்லிக் கொடுக்கிற டிராயிங் மாஸ்டர் எனக்குச் சொல்லலாமா? கிருஷ்ணப்பனோடு மூன்று நாள் பேசவில்லை. அவன் கொடுத்த பத்திரிகைகளை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிலும் யாவாரம்தான்.

அடுத்த சந்தையன்று மல்லையன் வந்தார். சரக்கு இறக்கிய கையோடு மாடிக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். ஜன்னலருகே போய்ப் பார்த்தார். தலைகீழாகக்கூடப் பார்த்தார். நான் துண்டை எடுத்தேன்.

"அஞ்சு விரல்ல எத்தினின்னு சொல்லுங்க மல்லையரே."

அவர் துண்டுக்குள் கையை விட்டார். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். சுண்டுவிரலுக்கு வந்ததும் நின்றார். அந்த வளைவின்மேல் கட்டைவிரலை வைத்து இரண்டு முறை தடவினார். பிறகு தன் கையை மூடிக்கொண்டார்.

"மூஞ்சி என்னுதுங்க" என்றார். "கை யாருது?"

நான் துண்டை உருவி மடிக்க ஆரம்பித்தேன்.

"இந்த வெரல நான் பதினஞ்சு வருசமாத் துண்டுக்குள்ள புடிக்கறனுங்க. கண்ணால இன்னிக்குத்தான் உத்துப் பாக்கறன். ஆனா தெரியாமப் போவுதுங்களா?"

நான் என் வாயைத் திறந்தேன். பேரம் பேசுகிறவன் வாய் அல்லவா, அது தானாகத் திறக்கும். உங்கள் கை ஆடிவிட்டது என்றேன். பெங்களூரில் யாருக்கும் தெரியாது என்றேன். கை என்பது இங்கே ஒரு அடையாளம்தான், உழைப்பைக் குறிக்கிறது என்று பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விலை கட்டாதபோது எப்படிக் கேட்பாரோ அப்படி.

"அது செரிங்க. ஆனா எம் மூஞ்சிய உங்க கை மூடியிருக்குதுங்களே."

படத்தைப் பார்த்தேன். ஆமாம். மலையிலிருந்து புளி கொண்டுவருகிறவரின் முகத்தில் பாதியை, அதை வாங்குகிறவனின் கை மறைத்துக்கொண்டிருந்தது. பூத்து வருகிறது என்று நான் நினைத்த கை, வாயைப் பொத்துகிற கையாக இருந்தது. கிருஷ்ணப்பனுக்கு உறுத்தியது இதுதான். மாமுவுக்கு உறுத்தியதும் இதுதானோ என்னவோ, அவர் காரணம் சொல்லவில்லை. எனக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

"உங்க மூஞ்சி மேல எங் கையப் போட்டா ஒத்துக்குவீங்களா?" என்று மல்லையன் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து பரிதா சிரிக்கும் சத்தம் கேட்டது. "எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள்.

எடுத்தோம். முதலில் என் முகம், அதே ஜன்னல், அதே பாதி வெளிச்சம். கேமராவுக்குப் பின்னால் ஆயிரம் பேரை "ஆடாதீங்க" என்று அதட்டியவன், முன்னால் உட்கார்ந்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தேன். அடுத்தது மல்லையனின் கை. அது இப்போதும் ஆடியது. ஸ்டூல் வைத்துப் பார்த்தேன், பலகை வைத்துப் பார்த்தேன்.

"நீங்க அடியில புடிச்சிக்கங்க பாய்" என்றார் அவர். "துண்டுக்குள்ள புடிப்பீங்களே, அப்பிடி. ஆடாது."

கறுப்புத் துணியை அவர் மணிக்கட்டின்மேல் போட்டு, அடியில் என் கையை விட்டுப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் நின்றது. பரிதா வந்து பல்பை அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணும் வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

அதற்கடுத்த சந்தையில் புதுப் படம் தயாராயிருந்தது. என் முகம், அதன் பாதியில் மல்லையனின் கை. பெங்களூருக்கு அனுப்ப இன்னும் நாலு நாள்தான். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். நான் துண்டை எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வாயாலேயே ஆரம்பித்தார்.

"மூஞ்சி பயந்து கெடக்குதுங்க. கண்ணு எங்கியோ பாக்குது. தாடி ஒரு பக்கம் ஒதுங்கிப் போச்சு. அடிவாங்கப் போற புள்ளையாட்டம் இருக்குது. கை செரிங்க. கையில ஒரு கொறயும் இல்ல. மூஞ்சிதான் சரக்கில்ல."

சொல்லிக்கொண்டே போனார். அரை மணி நேரம் இருக்கும். நடுவில் என்னையறியாமல் ஜன்னல் வழியாகக் கீழே எட்டி, எதிர்க்கடைக்கு இரண்டு டீ சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"மல்லையரே, உங்களுக்கு இந்தப் படம் வேணுமா?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. டீயை ஊதினார். "மூஞ்சிய எடுத்துட்டு கைய மட்டும் குடுப்பீங்களா?"

அன்று மத்தியானமே இருட்டறைக்குள் போனேன். என் முக நெகட்டிவை உருவி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கை நெகட்டிவை மட்டும் வைத்துப் பிரிண்ட் போட்டேன். எவ்வளவு பாடுபட்டுக் கற்ற வித்தை, அதில் மிஞ்சியது ஒன்றுமில்லை. கறுப்பு, கறுப்புக்குள்ளிருந்து ஒரு கை. நகத்தில் புளி, ரேகையில் மண், ஆள்காட்டி விரலில் அரிவாள் பட்ட பழைய தழும்பு. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அங்கே என் கை இருக்கிறது என்பது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

இரண்டு பிரிண்ட். ஒன்று மல்லையனுடன் மலையேறிப் போனது. இன்னொன்றைத்தான் பெங்களூருக்கு அனுப்பப் போகிறேன் என்று சொல்லக் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவன் பார்த்ததும் "எடத்த மாத்தி அனுப்பறியே" என்றான். "இது உருவப்படப் பிரிவு. மூஞ்சியே இல்லாம எவன்டா சேப்பான்? திருப்பி அனுப்பிருவான்."

"அனுப்பட்டும்."

"அப்பறம் ஊருக்கு என்னா சொல்லுவ?"

"திருப்பி அனுப்பிட்டான்னு சொல்லுவன். நீ ரெண்டு வெரல் புடிச்சதயும் சேத்துச் சொல்லுவன்."

அவன் என்னைப் பார்த்தான். மூன்று நாள் பேசாததை இருவரும் மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டோம். பத்திரிகைகளைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு இரண்டு கொடுத்தான்.

உறையின்மேல் விலாசம் எழுதி, படத்தின் பின்பக்கம் "மல்லையன், உருவப்படம்" என்று எழுதியபோது மாமு மண்டியிலிருந்து மாடி ஏறி வந்தார். முழங்கால் வலியில் ஏறாத மனிதர். எழுதுகிற கைக்கு அடியிலிருந்து படத்தை இழுத்தார்.

"ஓரமெல்லாம் இருட்டு" என்றார். "நகத்துல அழுக்கு. அந்தத் தழும்பப் பென்சில்ல அழிச்சிருக்கலாம். மூஞ்சி எங்கடா?"

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. படத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ "நூர் பாய், சரக்கு வந்திருச்சு" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அவர் எழுந்தார்.