சிவப்பு மையில் அடித்த பந்தி

இலங்கை மலையகத்தில் அட்டன் நகரத்துக்கு மேலே, குன்றின் சரிவில் இருந்த பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்த வருடம் இருபத்தொரு பேர் படித்தார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவர்கள் நான்கே பேர். பொகவந்தலாவைப் பக்கத்து நாகலெட்சுமி அவர்களில் ஒருத்தி. கொழுந்து பறிக்கிற ராக்காயியின் மகள். வயது பத்தொன்பது.

1937ஆம் ஆண்டு மாசி மாதம், மாணவியர் மன்றத்தில் பேச அவளுடைய முறை வந்தது. ‘தோட்டப் பள்ளிக்கூடம்’ என்பது தலைப்பு. மன்றத்தில் பேசுகிறவர்கள் பேச்சை இரண்டு நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்து கல்லூரி அதிபரின் கையெழுத்தை வாங்க வேண்டும். எழுதியதற்கு மேல் ஒரு சொல்லும் பேசக் கூடாது. அதுதான் விதி. நாகலெட்சுமியும் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்த தாளில் மூன்றாம் பக்கத்துப் பந்தி ஒன்றின் எல்லா வரிகள் மேலும் சிவப்பு மை குறுக்காக ஓடியிருந்தது.

அவள் அதிபரின் அறைக்குப் போனாள். அதிபர் யோகேஸ்வரி அம்மையார் யாழ்ப்பாணத்தவர். கண்டிப்பானவர், ஆனால் யார் வந்து நின்றாலும் காது கொடுத்துக் கேட்பவர்.

“பொய் ஒண்ணும் எழுதலைங்க டீச்சர்.”

“பொய் எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. எழுத்தும் நல்லாயிருக்கு. ஆனா இதை மேடையிலை வாசிக்க ஏலாது. எங்கடை நிர்வாக சபையிலை ரெண்டு தோட்டத்துரைமார் இருக்கினம்.”

“அந்தப் பந்திய எடுத்துட்டா மிச்சத்துல ஒண்ணுமே இல்லைங்களே.”

“மிச்சத்தை வாசியும். போதும்.”

நாகலெட்சுமி வெளியே வந்தாள். அழுகை வரவில்லை, முகம்தான் சுட்டது. மிச்சத்தை வாசித்தால் அது தன் பேச்சாக இருக்காது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேசவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அதோடு விடாமல், சுவரில் தொங்கிய மன்ற விதிகளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பேச்சுக்குத்தான் கையெழுத்து வேண்டும். மன்றம் வாக்கெடுத்து முடிவு செய்யும் பிரேரணைக்கு வேண்டியது ஏழு பேரின் ஒப்பம் மட்டுமே. அப்படி வந்த பிரேரணையைச் செயலாளர் முழுவதும் வாசித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

அன்று மாலையே பிரேரணையை எழுதினாள். அடிக்கப்பட்ட பந்தியை அப்படியே அதற்குள் வைத்தாள்.

முதல் ஒப்பம் அவளுடையது. மற்றத் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேரும் உடனே ஒப்பம் வைத்தார்கள். பிறகு இரண்டு பேர். ஏழாவது ஒப்பத்துக்கு அவள் நானுஓயாவிலிருந்து வந்த சண்முகவடிவிடம் போனாள். அவளுடைய அப்பா ரயில்வேயில் கூலி.

“எனக்கு வேலை வேணும்டி. இதுல பேர் போட்டா எந்தத் தோட்டத்துல எடுப்பாங்க?”

நாகலெட்சுமி வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை துணி துவைக்கிற இடத்தில் சண்முகவடிவே வந்து தாளைக் கேட்டாள். ஈரக் கையால் ஒப்பம் வைத்ததில் மை லேசாகப் பரவியது. “என் பேரு தெரியுதில்ல?” என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மன்றச் செயலாளர் சிவகாமசுந்தரி. தலவாக்கலைக் கடைவீதி வியாபாரியின் மகள். தாளைப் படித்துவிட்டு நான்காக மடித்தாள்.

“எங்க கடைச் சாமான் பாதி தோட்டத்துக்குத்தான் போவுது, தெரியுமா?”

“தெரியும். ஒன்னைய ஒப்பம் வைக்கச் சொல்லல.”

“வாசிக்கணும்ல. வாசிக்காம விட்டா நான் செயலாளர் இல்ல.”

சனிக்கிழமை பிற்பகல் மன்றம் கூடியது. அதிபர் தலைமை நாற்காலியில் இருந்தார். சிவகாமசுந்தரி எழுந்து, ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தாள்.

“‘எங்கள் தோட்டத்தில் கொழுந்து கூடிய மாதங்களில் பத்து வயதுப் பிள்ளைகள் பறிக்க மலைக்குப் போகிறார்கள். வரவுப் புத்தகத்தில் மட்டும் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.’ இந்தப் பந்தி உண்மை. உண்மையானதை அடிக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கக் கூடாது என்று இம்மன்றம் கருதுகிறது.”

பாதியில் அதிபரின் கை உயர்ந்தது. பிறகு அவரே அதை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

பிரேரணையைக் கொண்டுவந்தவள் பேசலாம் என்று விதி சொன்னது. நாகலெட்சுமி எழுந்தாள். கையில் தாள் இல்லை.

“அடுத்த வருஷம் நாங்க டீச்சராப் போறோம். வரவுப் புத்தகம் எங்க கைக்கு வரும். இல்லாத பிள்ளைய இருக்குன்னு எழுதச் சொல்லுவாங்க. இங்கயே வாயத் தொறக்கப் பழகலைன்னா, அங்க எழுதிக் குடுத்துருவோம்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பதினான்கு கைகள் உயர்ந்தன. ஐந்து பேர் எதிர்த்தார்கள். இரண்டு பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. அதிபர் அறிக்கைப் புத்தகத்தை வாங்கி, ‘நிறைவேறியது’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். பின் வரிசையில் யாரோ நாகலெட்சுமியின் தோளை அழுத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அதிபர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“விதி மாறாது எண்டு சபை எழுதியிருக்கு. உம்மை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியும் கேட்டவை. ஏலாது எண்டு எழுதிப்போட்டன். விதிப்படி நடந்த பிள்ளையை எந்த விதிப்படி அனுப்புறது?”

அதன் பிறகும் பேச்சுத் தாள்கள் அவர் மேசைக்குப் போயின. கையெழுத்தோடு திரும்பின. சிவப்பு மை மட்டும் எதிலும் விழவில்லை.

சித்திரை விடுமுறையில் நாகலெட்சுமி ஊருக்கு வந்தபோது செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. மறுநாள் அம்மாவுக்குச் சோறு கொண்டு மலைக்குப் போனாள். தேயிலைச் செடி நிரையின் தலைமாட்டில், வேலை வாங்கும் கங்காணி மாயாண்டி நின்றிருந்தார்.

“ராக்காயி, ஒம் மக பெரிய பேச்செல்லாம் பேசுறாளாம். அடக்கி வை. தொரை காதுக்குப் போவப்போவுது.”

ராக்காயி கூடையின் கயிற்றை நெற்றியில் சரி செய்துகொண்டாள்.

“அவ பேசுனதுக்குப் பெரிய டீச்சரம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. கேக்கறதுன்னா அட்டனுக்குப் போயி அவுகளக் கேளுங்க.”

கங்காணி அடுத்த நிரைக்கு நடந்தார். ராக்காயி மகளைப் பார்த்து, “சோத்த அந்தக் கல்லு மேல வையி. நீ பேசுனத மொதல்ல சொல்லு. இவுங்களும் கேக்கட்டும்” என்றாள். பக்கத்து நிரைகளில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தாமலே நெருங்கி வந்தார்கள்.