பண்டிகை மலரில் பதினோராம் பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷ அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, ஏலத்துக்காகச் சாமை மூட்டைகளையும் தேன் டின்களையும் ஜமுனாமரத்தூர் சர்ச்சுக்கு வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெபகுமாரி சபை மலரின் பதினோராம் பக்கத்தைப் பார்த்தாள். அவள் பெயர் இருந்தது. பெயர் இருந்தால் தொலையட்டும், அவளுடைய புரோகிராமின் குடலையே உருவிப் போட்டிருந்தது.

வேதிப்பொருளின் பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதன் மூலக்கூறு அமைப்பைப் படமாக வரையும். சென்னைக் கம்பெனியில் தூக்கம் கெட்டு அவள் எழுதியது. பெயரை முன்னாலிருந்து படிக்காமல், வால் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருவதுதான் அதன் சூட்சுமம். கிறிஸ்துமஸ் லீவில் அப்பா தேவராஜ், "நீ இன்னாதான் வேல செய்றே?" என்று துளைத்தெடுத்தபோது சொல்லிவிட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, ஒரு படி விடாமல் எழுதி, உதாரணப் படமும் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

நாளைக்கு மேனேஜர் பாண்டுரங்கன் லண்டனில் அதற்குப் பேட்டன்ட் என்கிற காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறார். வெறும் புரோகிராமுக்குக் கிடைக்காது, கம்ப்யூட்டரோடு சேர்த்து ஒரு செய்முறையாக எழுதினால் கிடைக்கலாம் என்று கம்பெனி வக்கீல் ஒரு வழி சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முன்னால் உலகத்தின் எந்த மூலையிலும், எந்த மொழியிலும் அது அச்சாகியிருக்கக் கூடாது.

"எங்கயும் வரலையே?" என்று விமானம் ஏறுமுன் மேனேஜர் கேட்டார். "சத்தியமா இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டு, என்றைக்காவது எவனாவது இந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினால் அவள் பொய்க்காரி.

"பாத்தியா கண்ணு?" அப்பா முகமெல்லாம் பல்லாக வந்தார். "அவங்கவங்க மொத வெளைச்சல ஆண்டவருக்குக் கொண்டாந்து வெக்கிறாங்க. உனுக்கு நெலம் கீதா, மாடு கீதா? இதான் உன் அறுப்பு. பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணித்தான் எல்லாருக்கும் குடுத்தாரு."

அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. விஷயத்தை மெல்லச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போனது.

"எல்லாத்தயும் திரும்ப வாங்கிட்டா?"

அச்சானது அச்சானதுதான், திரும்ப வாங்கி ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இந்த மலைமேல் யார் இதைப் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு நப்பாசை.

"வாங்கிப் பாருங்கப்பா" என்றாள்.

அவர் கூட்டத்துக்குள் ஆள் ஆளாகப் போய்க் கேட்டார். குப்பம்மாள் முந்தானையில் செருகியிருந்ததை உருவி நீட்டினாள். "இன்னா வாத்யாரே, குடுத்தத திருப்பிக் கேக்கிறீங்க?"

அப்பா அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போதும்பா, வந்துடுங்க என்று ஜெபகுமாரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குள் வேலூர் பஸ் உறுமியது. ஆராதனை முடிந்து ஊர் திரும்ப ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மலரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஜன்னல்களை நோக்கி நீட்டியபடி பஸ்ஸோடு ஓடினார். உள்ளே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவருக்குக் கையசைத்தார்கள்.