முப்பத்தோராம் தாள்

தலைவருக்குக் கண் பார்வை மங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் தொலைக்காட்சியில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கமாட்டாராம். கிழவன் என்று சொல்லிவிடுவார்களாம். அதனால் அவருடைய ஒவ்வொரு பேச்சையும் பட்டாணி அளவு எழுத்தில், தாளுக்கு ஆறே வரியாக அடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பதினோரு வருஷமாக அந்த வேலையைப் பார்ப்பவளுக்கு அலுவலகத்தில் 'பெரிய எழுத்து' என்றே பெயர்.

தாளில் இருப்பதை அப்படியே வாசிப்பார் மனுஷன். ஒருமுறை 'இங்கே தண்ணீர் குடிக்கவும்' என்று குறித்திருந்ததையும் கம்பீரமாக வாசித்துவிட்டார். கூட்டமும் கை தட்டித் தொலைத்தது. அன்றிலிருந்து, வாசிக்கவேண்டியதைத் தவிர பெரிய தாளில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது என்று உத்தரவு. துணைச் செயலாளர் சின்ன எழுத்துப் பிரதியை வரிவரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பெரிய தாள் ஐம்பது அறுபது வரும். அதை யார் உட்கார்ந்து புரட்டுவது?

மலைநாட்டுக் கலகக்காரர்களோடு நடக்கும் சண்டை இருபது வருஷத்துப் பழசு. பதவிக்கு வந்த புதிதில் தலைவர், "மலையைத் தரைமட்டமாக்குவேன்" என்றார். பிறகு, "ஆயுதத்தைக் கீழே போட்டால் யோசிப்பேன்" என்றார். இப்போது தேர்தலுக்கு நாலே மாதம். "மலையில் இருப்பவர்களும் நம் பிள்ளைகள்தான்" என்று ஆரம்பிக்கிறது புதுப் பேச்சு. மூன்றையும் அடித்தவள் அவள்தான். மாறட்டும், மாறினால் நல்லதுதானே என்று மளமளவென்று அடித்துக்கொண்டு போனவளுக்கு ஒரு வரியில் கை நின்றுவிட்டது.

'மலையில் சுடும் ஒவ்வொரு குண்டும் நம் வீட்டுக்குள்தான் விழுகிறது. உட்கார்ந்து பேசுவோம்.'

அது அவள் தம்பியின் வரி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன், ஆறு வருஷத்துக்கு முன் ஒரு துண்டு நோட்டீஸில் அதை அச்சடித்துக் கொடுத்தான். தேசத் துரோகம் என்று ஒன்பது வருஷம் உள்ளே போட்டுவிட்டார்கள். அவள் கல்யாணத்துக்குப் பின், புருஷன் பெயரோடு வேலைக்கு வந்தவள். அதனால் அவள்தான் அக்கா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தம்பியின் நாலாவது கருணை மனு போன வாரம்தான் திரும்பி வந்தது. 'இவருடைய கருத்து நாட்டுக்கு இன்றும் ஆபத்தானது' என்று எழுதி, முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

அடப்பாவிகளா! தாளை எடுத்துக்கொண்டு துணைச் செயலாளர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த வரி எங்கேருந்து வந்தது?"

"ஏதோ பழைய கேஸ் கட்டுல கிடந்துதாம். மனசைத் தொடுற மாதிரி இருக்கில்ல?"

"இதையே முன்னாடி சொன்னவங்க உள்ள இருக்காங்களே சார்?"

அவர் தேநீரை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "என்னம்மா நீ, விவரம் இல்லாம பேசுற? தலைவர் சொன்னா அது கொள்கை. கண்டவன் சொன்னா அது குற்றம். போய் வேலையைப் பாரு."

போய் வேலையைத்தான் பார்த்தாள். முப்பதாம் தாளில் தம்பியின் வரி முடிந்தது. முப்பத்தோராம் தாளைத் தன் சொந்தப் பொறுப்பில் அடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. பிறகு மீதித் தாள்களுக்கு எண்ணை மாற்றிப் போட்டு, கட்டி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மன்றத்தில் நேரடி ஒளிபரப்பு. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கண்டுபிடித்தால் சிறையில் தம்பிக்குப் பக்கத்து அறைதான் தனக்கும். தலைவர் தாளைப் புரட்டினார்.

"இது என் வார்த்தை அல்ல. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பூகோள ஆசிரியர் சொன்னது. சொன்னதற்காக அவரைச் சிறையில் வைத்தோம்."

அந்த இடத்தில் அவர் குரல் ஒரு நொடி தடுக்கியது. முன்வரிசையில் துணைச் செயலாளர் பாதி எழுந்து நின்றார். ஆனால் தலைவருக்குத் தாளை விட்டால் வேறு வழி தெரியாதே.

"அது தவறு. இன்றே அவரை விடுதலை செய்கிறேன்."

மன்றமே எழுந்து கை தட்டியது. தட்டத் தட்டத் தலைவர் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், எல்லாம் அவர் மனசிலிருந்தே வந்ததுபோல. கண்ணில் நீர்கூட எட்டிப் பார்த்தது.

மாலையில் துணைச் செயலாளர் அவள் மேஜையைத் தட்டினார். "யாரைக் கேட்டு அந்தத் தாளை வச்சே?"

"எல்லாச் சேனல்லயும் தலைவர் பெருந்தன்மைன்னு ஓடுது சார். அவர் சொல்லலை, நான்தான் எழுதினேன்னு சொல்லிடட்டுமா?"

அவர் விருட்டென்று திரும்பிப் போனார். மறுநாள் அவளைத் தபால் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். தலை பாதி நரைத்து, கதவைத் தானே திறக்கலாம் என்பதையே மறந்து, யாராவது திறக்கும்வரை நிற்கிறவனாக வந்தான். அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

தேர்தல் முடிந்தது. தலைவர் ஜெயித்தார். மூன்றாம் வாரமே, "பேச்சுக்கு இனி இடமில்லை. பேசச் சொல்பவன் துரோகி" என்று முழங்கினார். அதை அடித்தது வேறு யாரோ. ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார், கையில் பழைய நோட்டீஸ்.

"இதை எழுதினது உன் தம்பிதானே? வரச் சொல்லு."

அவளுக்கு வந்ததே கோபம்! போனை எடுத்து, மன்றத்துப் பேச்சைச் சத்தமாக வைத்தாள். 'ஒவ்வொரு குண்டும் நம் வீட்டுக்குள்தான்' என்று தலைவரின் குரல் கணீரென்று கேட்டது. இன்ஸ்பெக்டர் பழக்க தோஷத்தில் விறைப்பாக நின்றுவிட்டார்.

"நாடே கேட்டுச்சு. முதல்ல இவரைக் கூட்டிட்டுப் போங்க. பின்னாடியே என் தம்பி வருவான்."

கைதட்டல் முடியும்வரை இன்ஸ்பெக்டர் அசையவில்லை. பிறகு, "மேல கேட்டுட்டு வரேன்மா" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

"போயாச்சுடா!" என்று அவள் உள்ளே திரும்பினாள். யாரும் கூப்பிடாமலே தம்பி சட்டை மாட்டிக்கொண்டு, சுவர் ஓரமாகக் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையில் பல் விளக்கும் பிரஷ்.

"அதை எடுத்து வைடா" என்றாள்.

"இருக்கட்டும்க்கா. மேல கேட்டுட்டு வரேன்னுதானே சொன்னார்."