இருப்பில் இல்லை

அன்று முதலில் குரலை உயர்த்தியது யார் என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தம்பி சின்னவன்தான் என்கிறாள் அக்கா. அக்காதான் என்று சின்னவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அக்காவின் கணவரான மாமாவைக் கேட்டால் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார். இரண்டு பக்கமும் பலமுறை கேட்டுக் கேட்டு, எது அவர்கள் சொன்னது, எது நானாக நிரப்பிக்கொண்டது என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. பசை டப்பா மேசையிலிருந்து தானாக விழுந்ததா, யாராவது தட்டிவிட்டார்களா என்பதும் அப்படித்தான். அக்காவின் கோபத்தில் மட்டும் சந்தேகமில்லை. அது இன்னும் ஆறவில்லை.

அவர்களுடைய கடை மற்ற கடைகளைப் போன்றதல்ல. இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லாதவர்களுக்கு மட்டும் ஷூ தைக்கும் கடை. உலகத்தில் அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று தொடங்கும்போது எல்லோரும் சிரித்தார்கள். நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கு ஒன்றாகத் தூக்கிப் போட்டவர்கள், ஒரு ஷூவுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் நின்றவர்கள், நீண்ட பாவாடைக்குள் காலை ஒளித்தே வயது போனவர்கள். வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, படமெடுத்து அனுப்புவார்கள். மாமா அதைப் பார்த்து வெட்டித் தைப்பார். கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அக்கா.

"இதை நான் யாரிடமும் காட்டியதில்லை" என்று தொடங்கும் கடிதங்கள் வரும். அப்படி ஒன்று வந்தால் அக்கா உடனே பதில் எழுத மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மாமாவின் தையல் மிஷின் ஓடி நிற்கும், மறுபடி ஓடும். கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு இரண்டே வரி எழுதுவாள். அந்த இரண்டு வரிக்காகவே திரும்பி வந்தவர்கள் உண்டு.

கடைக்கு ஒரே ஒரு மெயில் பெட்டி. அதை அக்கா திறப்பாள், மாமா திறப்பார், அக்காவின் தம்பி சின்னவன் திறப்பான், பார்சல் கட்ட வரும் பெண்ணும் திறப்பாள். யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் பார்த்துக்கொள்வது என்பது அந்த வீட்டு வழக்கம். அதற்காகப் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில், பாதப் படங்களுக்கு நடுவில், ஒட்டியே வைத்திருந்தார்கள். யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

இணையதளத்தைக் கட்டியது சின்னவன். அதில் கார்டு எடுக்க வசதியில்லை. வங்கிக்குப் போய்ப் பணம் கட்டுங்கள் என்ற இடத்துக்கு வந்ததும் பாதிப் பேர் காணாமல் போனார்கள். ஆகவே கார்டு பணம் வாங்கித் தரும் ஒரு நிறுவனத்தில் விண்ணப்பித்தார்கள். அவர்கள் கடை முகவரி கேட்டார்கள். தொலைபேசி எண் கேட்டார்கள். பொருளைத் திருப்பி எடுக்கும் விதிகளைக் கேட்டார்கள். வாடிக்கையாளர் விவரங்களை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று தளத்தில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்றார்கள்.

"நீதான் நல்லா எழுதுவியே, எழுதுக்கா," என்றான் சின்னவன்.

மற்ற கடைக்காரர்கள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடும் பக்கம் அது. அக்கா அதற்கு நாள்கணக்கில் உட்கார்ந்தாள். உங்கள் பாதப் படத்தை ஷூ தைத்து முடிந்ததும் கேட்டால் அழித்துவிடுவோம் என்று எழுதினாள். உங்கள் கார்டு எண்ணை எங்களில் யாரும் பார்க்க மாட்டோம், அது நேராக அந்த நிறுவனத்துக்குப் போய்விடும் என்று எழுதினாள்.

"இது நெஜம்தானே?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"பின்ன? நம்ம கைக்கே வராதுக்கா."

அதற்குப் பிறகுதான் கீழே தன் பெயரைப் போட்டாள்.

நிறுவனம் லேசில் அசையவில்லை. அளவெடுத்துத் தைத்த ஷூவைத் திருப்பி வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டது. பதில் போனது. அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி முளைத்தது. இதற்குள் ஒரு வார இதழ் கடையைப் பற்றி எழுதப்போகிறது என்ற செய்தி வந்தது. திங்கட்கிழமை வெளியாகும். சின்னவன் மார்பைத் தட்டிக்கொண்டான்.

"திங்கட்கிழமை காலைல கார்டு ஓடும். பாத்துக்கோங்க."

ஓடியது. காலையிலிருந்து ஆர்டர்கள் வந்தபடி இருந்தன. மாமா வழக்கத்துக்கு மாறாகச் சீட்டியடித்தார். சின்னவன் வெளியே போய் எல்லோருக்கும் தேநீர் வாங்கி வந்தான்.

மதியம்போல அக்கா மெயில் பெட்டியைத் திறந்தாள். முதல் ஆர்டர் ஒரு பள்ளி ஆசிரியையுடையது. பெயர், முகவரி, இடது கால் அளவு, வலது கால் அளவு. அதற்குக் கீழே அவருடைய கார்டின் முழு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க எண்.

பாவம், தெரியாமல் எங்கோ தட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்ததைத் திறந்தாள். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்வேர்டு தடித்த எழுத்தில் இளித்துக்கொண்டிருந்தது.

"சின்னவா. இங்க வா."

அவன் தேநீர்க் கோப்பையோடு வந்தான்.

"இது என்ன?"

"ஆர்டர்."

"அதுக்குக் கீழ."

அவன் ஒரு வாய் குடித்தான். "அது தற்காலிக ஏற்பாடுக்கா. அந்தக் கம்பெனிக்காரன் இழுத்துக்கிட்டே இருக்கான். இன்னிக்கு வர்ற ஜனத்தை வாசல்ல நிக்க வெச்சுட்டுக் கதவைச் சாத்தச் சொல்றியா? நானே ஒரு ஃபாரம் போட்டேன். நம்பர் மெயில்ல வரும். என் ஃப்ரெண்டு நோட்டுப் புத்தகக் கடை வெச்சிருக்கான்ல, அவன் கார்டு மெஷின்ல தட்டிக்கிறதா பேச்சு."

"ஷூ வாங்கினவங்களுக்கு நோட்டுப் புத்தகக் கடை பேர்ல கணக்கு வருமா?"

"அதெல்லாம் யாரு பாக்கறாங்க."

"அப்ப அவனுக்கும் இந்த நம்பரெல்லாம் போகும்."

"அவன் தங்கமான பையன்க்கா. தளத்துல பூட்டுப் படம் இருக்கு பாரு, எல்லாம் பத்திரமாத்தான் வருது."

"வழியெல்லாம் பூட்டு. வந்து விழற எடம் நடுத்தெரு. நான் என்னடா எழுதியிருக்கேன் அந்தப் பக்கத்துல? யாரும் பாக்க மாட்டோம்னு எழுதியிருக்கேன். நீ நெஜம்னு சொன்ன."

"அந்தக் கம்பெனி வந்தா நெஜம்தானே. ஒரு வாரம் முன்னாடி பின்னாடி. அந்தப் பக்கத்தை யாருக்கா படிக்கிறா? உலகத்துல ஒருத்தன் படிக்க மாட்டான்."

பார்சல் கட்டும் பெண் டேப்பைக் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அதை எடுத்துடு," என்றாள் அக்கா.

"இன்னிக்கா? உனக்குப் பைத்தியமா?"

"எடுத்துடு."

"முடியாது. நான் கட்டின தளம். நான் தூங்காமக் கட்டினது. நீ ரெண்டு வரி லெட்டர் எழுதிட்டு முதலாளியம்மா மாதிரி பேசாத."

இங்கேதான் இருவருடைய கதையும் பிரிகிறது. குரல்கள் உயர்ந்தன. டப்பா தரையில் கிடந்தது, பசை பலகை இடுக்குகளில் இறங்கியது. அக்கா மாமாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க."

மாமா கையிலிருந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வாரந்தான்னு சொல்றான்ல. இவ்வளவு ஜனம் இனிமே எப்ப வரும்."

"உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியே தெரியுமா?"

அவர் ஊசியைத் தேடினார். தெரிந்திருக்கிறது.

தம்பியிடம் வந்த கோபம் கொதித்து வழிகிற கோபம். புருஷனிடம் வந்தது வேறு. அது சத்தமில்லாமல் நெஞ்சுக்குள் உறைந்தது. தன்னிடம் பாதத்தைக் காட்டியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்தை ஒருவரும் படிக்காமலிருக்கலாம். படித்து, அதை நம்பி, ஒரு கார்டைத் திருப்பிப் பின்பக்கத்து எண்ணைத் தட்டியவர் ஒருவராவது இருக்கலாம். அந்த ஒருவர் தன் பெயரைப் பார்த்துத்தான் தட்டியிருப்பார்.

தளத்தை மூட அவளுக்குத் தெரியாது. அந்தச் சாவியெல்லாம் சின்னவனிடம். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு ஷூவின் படத்துக்குக் கீழேயும் இருப்பு நிலையை மாற்றுவது. தோல் தீர்ந்தால் அவள்தான் மாற்றுவாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் ஷூவைத் திறந்தாள். இருப்பில் இல்லை. சேமித்தாள். அடுத்தது. இருப்பில் இல்லை.

"என்ன பண்ற?" என்றான் சின்னவன்.

அவள் அடுத்ததைத் திறந்தாள்.

"அக்கா, வெளையாடாத. ஜனம் உள்ள இருக்கு. மாமா, சொல்லுங்க மாமா, கடை தலையில அவளே மண்ணை அள்ளிப் போடறா."

"மௌஸ்ல கை வெச்ச, கை இருக்காது," என்றாள் அக்கா. சாதாரணக் குரலில் சொன்னாள். அதனால்தான் அவன் தொடவில்லை. கறுப்பு, பழுப்பு, குழந்தைகளுடையது, மழைக்கானது என்று கடையிலிருந்த அத்தனை ஷூவும் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. வார இதழைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் காலிக் கடையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னவன் கோப்பையைச் சன்னல் மேடையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

பிறகு அவள் சுவரிலிருந்த பாஸ்வேர்டைக் கிழித்தாள், அதை மாற்றினாள், தொலைபேசியை எடுத்தாள்.

முதலில் எடுத்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அக்கா தன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, வங்கியில் சொல்லிக் கார்டை நிறுத்திவிடுங்கள் என்றாள்.

"நம்பர் போனா போகுதும்மா. அந்தக் கார்டுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஷூ எப்ப வரும்?"

"சார், முதல்ல பேங்க்குக்குச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். எனக்கு எடது கால்தான் பெருசு. மாத்தித் தெச்சுடாதீங்க."

இப்படிச் சிலர். சிலர் அலுத்துக்கொண்டார்கள். ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஆசிரியை கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தப் பக்கத்தை நீங்கதானே எழுதினது?"

"ஆமா டீச்சர்."

"நான் முழுசாப் படிச்சேன். பசங்களுக்கு எப்பவும் சொல்றது, படிக்காமக் கையெழுத்துப் போடாதீங்கன்னு. படிச்சுட்டுத்தான் நம்பரைக் குடுத்தேன். எத்தனை பேர் பாத்தாங்க?"

"எனக்குத் தெரியாது டீச்சர். நாலு பேருக்கு மேல பாத்திருக்கலாம்."

"என் கால் படத்தையும் அவங்கதான் பாத்திருப்பாங்க, இல்லையா. அதை அழிச்சுடுங்க."

"டீச்சர், ஷூ…"

"அழிச்சுட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க."

அக்கா அழித்தாள். அதற்குள் மாமா அச்செடுத்துச் சுவரில் குத்தியிருந்த அவருடைய பாதத் தாளையும் எடுத்துக் கிழித்தாள். எழுதத்தான் வரவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "அழித்துவிட்டேன்" என்று மட்டும் எழுதி அனுப்பினாள். மாமா எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். நின்றுவிட்டு, போய்ப் பசையைச் சுரண்டத் தொடங்கினார்.

நடந்ததை அவளே நிறுவனத்துக்கும் எழுதினாள். அவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது அவளுக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

இப்போது வேறொரு நிறுவனத்தின் வழியாகக் கடையில் கார்டு எடுக்கிறார்கள். எண் அவர்கள் கைக்கு வருவதில்லை. அந்த வார இதழைப் படித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. சின்னவன் மற்றவர்களுக்குத் தளம் கட்டித் தருகிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான். விசேஷங்களில் அக்காவும் அவனும் ஒரே பந்தியில் உட்காருவார்கள், பேசிக்கொள்வதில்லை. பார்சல் கட்டிய பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். பேருந்து ஓட்டுநர் மூன்றாவது ஜோடி வாங்கிவிட்டார். மாமா தைக்கிறார், அக்காவும் அவரும் ஒரே அறையில் வேலை செய்கிறார்கள், வேலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஆசிரியை மறுபடி எழுதவில்லை.