ஐந்தாம் வகுப்பின் மௌனத் திட்டம்

ஐந்தாம் வகுப்பு அறையிலிருந்து சத்தமே வராதது தலைமையாசிரியருக்கு உறுத்தியது. போன வருஷம் ரெண்டு டீச்சர்களை அழ வைத்து அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எல்லாத் தலைகளும் நோட்டில் கவிழ்ந்திருந்தன. அந்த வகுப்புக்கு இந்த வருஷம் வந்த புது டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"அப்படி என்னம்மா பண்றீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல சார். அவங்க பேசினா நான் பாடத்த நிறுத்திட்டு நிப்பேன். முடிச்சதும் விட்ட இடத்துலேருந்து தொடங்குவேன். திட்டுறதில்ல."

"அவ்வளவுதானா?"

"முதல் வாரம் பாடமே நடக்கல. அப்புறம் அவங்களுக்கே சலிச்சுப் போச்சு."

தலைமையாசிரியரின் முகம் விழுந்துவிட்டது. அடுத்த தெருவில் நீச்சல் குளத்தோடு புதுப் பள்ளிக்கூடம் வந்திருந்தது. "பெத்தவங்ககிட்ட போய், டீச்சர் சும்மா நிக்கிறாங்கன்னு சொல்ல முடியுமா? இதுக்கு ஒரு பேர் வேணும். படம் வேணும்."

அப்படிப் பிறந்ததுதான் 'ஐம்படி மௌன ஆளுமைத் திட்டம்'. கம்ப்யூட்டர் சார் வட்டம் வட்டமாகப் போட்டு, அம்புக்குறிகளைச் சுற்ற விட்டார். டீச்சர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நாலாவது படியில நான் என்ன சார் செய்யறேன்?"

"அதைப் பெத்தவங்க கேட்டா பாத்துக்கலாம்."

பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் முன்னுரை சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள். பிறகு மைக் டீச்சர் கைக்கு வந்தது. அவர் ரெண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பார்.

"அடிக்காம எப்படிங்க பயம் வரும்?" என்று எழுந்தார் பெயின்ட் கடைக்காரர்.

"பிள்ளைய ஊமையாக்கவா ஃபீஸ் கட்டுறோம்?" என்றார் பின்னாலிருந்து ஒரு அம்மா.

இதற்கு மார்க் உண்டா என்று ஒருவர் கேட்டார். பள்ளி வாசலை மறித்து நிற்கும் கார் யாருடையது என்று இன்னும் ரெண்டு பேர் முட்டிக்கொண்டார்கள்.

டீச்சர் மைக்கை இறக்கிக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். முன்வரிசைக்கு முதலில் உறைத்தது. அமைதி அங்கிருந்து பின்னால் பரவியது. கார்ச் சண்டைக்காரர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு குரல் மட்டும் மிச்சம் இருந்தது. கூச்சலுக்கு நடுவே பேசப் புகுந்த தலைமையாசிரியர், திரையில் ஓடிய வட்டங்களைப் பார்த்தபடி மௌனத்தின் மகத்துவத்தை உரக்க விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தவர், சபை இப்படிக் கட்டுண்டு கிடப்பதைக் கண்டதும் உற்சாகமாகி முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

முன்வரிசையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மாவின் காதில் சொன்னாள்: "சிலருக்கு முதல் வாரம் அப்படித்தாம்மா இருக்கும்."

சில நாள் கழித்து, பெயின்ட் கடைக்காரர் பள்ளி வாசலில் டீச்சரைப் பிடித்தார்.

"வீட்டுல நானும் பண்ணிப் பாத்தேன் டீச்சர். கத்துறத நிறுத்தினேன். யாரும் கண்டுக்கல. இப்பல்லாம் வீடு நிம்மதியா இருக்குன்னு என் வீட்டுக்காரி அவ அக்காகிட்ட போன்ல சொல்றா."

"பையன்?"

"நேத்து அவனா வந்து பக்கத்துல உக்காந்தான். யார் யாரோட சண்டை, யார் யாரோட சேர்த்தின்னு ஒரே கதை. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. கேட்டுட்டே இருந்தேன்."

"அதுதாங்க. விட்டுடாதீங்க."

"விடமாட்டேன்," என்றார் அவர். "ஆனா கடையில மட்டும் முடியாது. அங்க எல்லாரும் பெரியவங்க."